சில்லறைக் காசுக்கு இறங்கி வந்த செல்போன்

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று போனது. கல்கத்தாவிலிருந்து பேசியவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் எடுத்தவர் அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம். அந்தக் காலத்தில் நெரிசல் நேரத்தில் ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் வரை ஆகும். போன் விலையோ பல்லாயிரம். இன்னொரு கொடுமையும் இருந்தது, யாராவது உங்களைக் கூப்பிட்டு நீங்கள் எடுத்தாலும் உங்கள் கணக்கில் காசு ஏறும். ராங் நம்பர் வந்தால்கூட நஷ்டம் உங்களுக்குத்தான்.

அதே நாட்டில் 2003 மார்ச்சில் சுமார் 1.3 கோடியாக இருந்த செல்போன் இணைப்புகள் 2010 மார்ச்சில் 58 கோடியைத் தொட்டன. (இணைப்பு வேறு, ஆள் வேறு. ஒருவரே இரண்டு சிம் வைத்திருந்தால் கணக்கில் இரண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த மாதிரி எண்களைப் படிப்பது நல்லது.) கென்யா, நைஜீரியா, வங்கதேசம் என்று பல நாடுகளிலும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இதே மாதிரிதான் நடந்தது. எப்படி என்று கேட்டால் பொதுவாகக் கிடைக்கும் பதில், போன் விலை குறைந்தது, எல்லாரும் வாங்கினார்கள் என்பது. பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. போனை ஒரு தடவை வாங்குகிறோம், அப்புறம் மாதாமாதம் அதை உயிரோடு வைத்திருக்கச் செலவழிக்கிறோமே, அந்தச் செலவு எப்படிக் குறைந்தது, யார் தலைக்குப் போனது என்பது மீதிப் பாதி. எனக்கு அதுதான் பெரிய பாதியாகத் தெரிகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கூப்பிடுகிறவர் காசு கொடுக்கட்டும்

2003 மே மாதம் இந்தியாவில் ஒரு விதி மாறியது. இனிமேல் கூப்பிடுகிறவர் மட்டும் காசு கொடுத்தால் போதும், எடுப்பவருக்கு இலவசம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இந்த முறைதான் இருந்தது. அமெரிக்காவில் வெகு காலம் எடுப்பவருக்கும் நிமிடம் கழிந்துகொண்டிருந்தது, அங்கே சம்பளக்காரர்கள் மாதக் கட்டணம் கட்டியதால் பெரிதாகத் தெரியவில்லை. இங்கே அப்படி இல்லை. கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்குப் போன் எதற்கு? மேஸ்திரியோ வீடு கட்டுகிறவரோ அவரைக் கூப்பிட வேண்டும், நாளைக்கு வேலை இருக்கிறது வா என்று சொல்ல வேண்டும். அவர் யாரையும் கூப்பிட வேண்டிய கட்டாயமே கிடையாது. எடுப்பது இலவசம் என்று ஆன அன்றே அவருக்குப் போன் செலவில்லாத பொருளாகிவிட்டது, மேஸ்திரியின் காசில் அவருக்கு வேலை தேடி வரும்.

சரி, கூப்பிடவே கூப்பிடாத ஆளை வைத்துக்கொண்டு நிறுவனத்துக்கு என்ன லாபம்? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் ஒரு நிறுவனத்தின் சிம்மிலிருந்து வேறொரு நிறுவனத்தின் சிம்முக்குக் கூப்பிட்டால், உங்கள் நிறுவனம் உங்களிடம் வாங்கும் காசில் ஒரு பங்கை எதிர்முனை நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கான கூலி அது. ஐயுசி என்பார்கள். இந்தியாவில் 2004-இல் அது நிமிடத்துக்கு 30 காசாக இருந்தது. ஆக, கொத்தனார் ஒரு பைசா ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் வேறு நிறுவனத்திலிருந்து அவருக்கு வருகிற அழைப்பின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவருடைய நிறுவனத்துக்கு 30 காசு வந்தது. கையில் காசில்லாத வாடிக்கையாளரும் வருமானம் தரக்கூடிய ஏற்பாடு. நிறுவனங்கள் கிராமம் கிராமமாக ஆள் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இந்த 30 காசை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் இதற்கு வர வேண்டியிருக்கிறது.

பத்து ரூபாய் போடுங்கண்ணா

இரண்டாவது விஷயம் பிரீபெய்டு. இப்போது அது மூச்சு விடுவது போல ஆகிவிட்டதால் அதன் மகிமை நமக்குத் தெரிவதில்லை.

மாதாந்திர பில் முறையில் ஒருவருக்கு இணைப்பு கொடுக்க அவருடைய முகவரி, வருமானம், நாணயம் எல்லாம் பார்க்க வேண்டும், பில் அச்சடித்து அனுப்ப வேண்டும், கட்டாவிட்டால் துரத்த வேண்டும். தினக்கூலிக்காரருக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. இதை மீறி நடந்த ஒரு சோதனைகூட உண்டு. 2003 ஜூலையில் ரிலையன்ஸ், மான்சூன் ஹங்காமா என்ற பெயரில் 501 ரூபாய் கொடுத்தால் போன் என்று இறங்கியது. மீதியை மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். ஊரே வரிசையில் நின்று வாங்கியது, ஆனால் ஏகப்பட்ட பேர் பில்லைக் கட்டவில்லை, பாக்கி மலையாகக் குவிந்தது. பிரீபெய்டில் இந்தத் தொல்லையே கிடையாது. முதலில் காசு, அப்புறம் பேச்சு.

கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கியதும், பின்னால் சிக் ஷாம்பு 50 காசுக்குக் கிடைத்ததும் தமிழ்நாட்டில் தெரிந்த கதை. மொத்தமாக ஒரு பாட்டில் வாங்க முடியாதவர் ஒரு தலைக்குளியலுக்கு மட்டும் வாங்கினார். பேச்சும் அப்படித்தான் பாக்கெட்டில் வந்தது. முதலில் சுரண்டிப் பார்க்கும் அட்டை, பிறகு கடைக்காரர் தன் போனிலிருந்தே நம் எண்ணுக்கு ஏற்றிவிடும் ஈசி ரீசார்ஜ். அட்டை அச்சடிக்கும் செலவும் போயிற்று, பத்து ரூபாய்க்கும் விற்கலாம் என்றானது. மளிகைக்கடை, மருந்துக்கடை, பெட்டிக்கடை என்று எல்லாருமே முகவர்கள், ஒவ்வொரு ரீசார்ஜிலும் சிறு கமிஷன். செல்போன் நிறுவனம் தனியாகக் கடை திறக்காமலே தெருவுக்கு ஒரு கிளை.

கென்யாவில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். 2000-இல் அங்கே சஃபாரிகாம், கென்செல் என்று இரண்டு நிறுவனங்கள் மோதின. கென்செல் நிமிடக் கணக்கில் காசு பிடித்தது, சஃபாரிகாம் நொடிக் கணக்கில். பத்து நொடியில் "வந்துவிட்டேன், எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டு வைத்துவிடும் ஆளுக்கு இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! சஃபாரிகாம் முந்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பார்கள். இந்தியாவுக்கு நொடிக்கு ஒரு காசு திட்டம் டாடா டோகோமோ வழியாக 2009-இல்தான் வந்தது, வந்த சில மாதங்களில் மற்ற எல்லா நிறுவனங்களும் அலறியடித்துக்கொண்டு பின்னால் ஓடின.

மக்களும் சும்மா இருக்கவில்லை. மிஸ்டு கால் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிறந்த தொழில்நுட்பம். ஒரு ரிங் விட்டால் கிளம்பிவிட்டேன், இரண்டு விட்டால் கூப்பிடு என்று வீட்டுக்கு வீடு ஓர் அகராதி இருந்தது. ஆப்பிரிக்காவிலும் இதே பழக்கம், நெட்வொர்க் முழுக்கக் காசு வராத ரிங்காகவே ஓடியது. தென்னாப்பிரிக்காவில் வோடாகாம் 2001-இல் இதை ஒரு சேவையாகவே மாற்றி, "தயவுசெய்து என்னைக் கூப்பிடு" என்று இலவசக் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. கூப்பிடச் சொல்லிக் கேட்டால் எதிராளி கூப்பிடுவார், அதில் காசு உண்டு.

போன் எப்படி மலிவானது?

இப்போது போனுக்கு வருவோம். 2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ இந்தியாவில் கையில் பிடிக்காத குடும்பம் குறைவு. கறுப்பு வெள்ளைத் திரை, தூசி உள்ளே போகாத ஒரே துண்டு ரப்பர் கீபேட், வழுக்காத ஓரங்கள், தலையில் ஒரு டார்ச். மின்வெட்டும் புழுதியும் உள்ள ஊர்களை மனதில் வைத்தே செய்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கி, பல ஆயிரம் பேரை, பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பெண்களை, வேலைக்கு எடுத்ததும் இந்த மலிவு விலைப் போன்களின் அலையில்தான். வரித் தகராறிலும் மைக்ரோசாப்டுக்குக் கைமாறியதிலும் சிக்கி 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது தனிக் கதை.

அதற்குள் ஒரு பெரிய கேள்வி எழுந்திருந்தது, இதற்கும் கீழே இறங்க முடியுமா என்று. 2005-இல் உலகச் செல்போன் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ, பல நாட்டு நிறுவனங்களின் ஆர்டரை ஒன்றுசேர்த்து, 40 டாலருக்குள் யார் போன் தருவீர்கள் என்று கேட்டது. மோட்டோரோலா அந்த ஆர்டரைப் பிடித்தது, அதே வருடம் அடுத்த சுற்றில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அடுத்த வருடம் அதே மோட்டோரோலா மோட்டோஃபோன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது: மின்தாள் திரை, வெயிலில் நன்றாகத் தெரியும், பேட்டரி வெகு நாள் வரும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பேசி வழிகாட்டும். கேட்க அருமையாக இருக்கிறது அல்லவா? பெரிதாக ஓடவில்லை. திரையில் ஒரு வரிக்கு ஆறே எழுத்து, குறுஞ்செய்தி படிப்பதற்குள் பொறுமை போய்விடும். என் கருத்து என்னவென்றால், காசில்லாதவருக்கு எது போதும் என்று தொலைவிலிருந்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். அவர்களும் பாட்டு, கலர் திரை, கேமரா, பெரிய ஸ்பீக்கர் எல்லாம் கேட்டார்கள்.

அதைக் கொடுத்தது சீனாவின் ஷென்சென் நகரம். ஆனால் ஷென்செனுக்கு அந்தத் திறமையைக் கொடுத்தது தைவானின் மீடியாடெக் என்ற சிப் நிறுவனம், அதற்கு முன் டிவிடி பிளேயருக்குச் சிப் செய்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு போன் மாடல் கொண்டுவர ரேடியோ, மின்சாரம், மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் பொறியாளர் பட்டாளம் வேண்டும். மீடியாடெக் சிப்போடு சர்க்யூட் வரைபடத்தையும் மென்பொருளையும் சேர்த்தே கொடுத்தது. வாங்குகிறவர் மேல்கூடு செய்து, திரையும் பேட்டரியும் மாட்டி, மெனுவில் தன் பெயரைப் போட்டால் போதும். சில பத்துப் பேர் கொண்ட கம்பெனி சில மாதத்தில் புதுப் போன் இறக்கிவிடும். 2007-இல் சீன அரசு, போன் தயாரிக்க உரிமம் வாங்க வேண்டும் என்ற விதியையும் ரத்து செய்ய, கட்டுப்பாடே இல்லாமல் போயிற்று.

சென்னையில் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் அப்போது கிடைத்த சைனா செட், கொரியன் செட் எல்லாம் இந்த வழியில் வந்தவை. தெரு முழுக்கக் கேட்கும் ஸ்பீக்கர், டிவி ஆன்டெனா, இரண்டு சிம். பலவற்றில் ஒவ்வொரு போனையும் தனித்தனியாக அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண்கூட ஒழுங்காக இருக்காது, அதனால் அந்த எண் இல்லாத போன்களை 2009 இறுதியில் இந்தியாவில் நிறுத்தினார்கள். அதே சீன ஆலைகளில் வாங்கித் தன் பெயரில் முறையாக விற்ற இந்திய நிறுவனங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. மைக்ரோமேக்ஸின் ஆரம்பப் போன் ஒன்றின் ஒரே பெருமை, ஒரு தடவை சார்ஜ் போட்டால் 30 நாள் அணையாமல் இருக்கும் என்பது. மின்சாரம் ஒழுங்காக வராத ஊரில் அதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்.

ஆப்பிரிக்காவில் இந்த வேலையைச் செய்தது ட்ரான்ஷன். டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் மூன்றும் அவர்களுடையவை. 2006-இல் தொடங்கிய இந்தச் சீன நிறுவனம் சொந்த நாட்டில் விற்பதை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைக் குறிவைத்தது. ஒரு நிறுவனத்தின் சிம்மிலிருந்து அதே நிறுவனத்துக்குப் பேசினால் மலிவு, வேறு நிறுவனத்துக்குப் பேசினால் விலை அதிகம் என்பதால் அங்கே ஆளுக்கு இரண்டு மூன்று சிம் வைத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய நிறுவனங்கள் இதைக் கண்டுகொள்ளாதபோது ட்ரான்ஷன் இரண்டு சிம் போனைக் கொடுத்தது. கறுத்த தோல் குறைந்த வெளிச்சத்திலும் நன்றாக விழும்படி கேமராவைச் சரிசெய்தது, 2011-இல் எத்தியோப்பியாவில் ஆலை வைத்தது, அம்ஹாரிக் மொழிக்குக் கீபேட் தந்தது. இன்று அந்தக் கண்டத்தில் அதிகம் விற்பது அவர்களுடைய போன்கள்தான்.

டவரைப் பற்றி ஒரு வார்த்தை. லேண்ட்லைனுக்கு வீடுவரை குழி தோண்டிக் கம்பி இழுக்க வேண்டும், ஒரு டவர் நின்றால் சுற்றி உள்ள நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அதுவே போதும். அதனால்தான் லேண்ட்லைனையே பார்க்காத ஊர்கள் நேராகச் செல்போனுக்குத் தாண்டின. மின்சாரம் இல்லாத இடத்தில் டவருக்கு டீசல் ஊற்றுவது பெரிய செலவு, அதைக் குறைக்க நிறுவனங்கள் ஒரே டவரைப் பகிர்ந்துகொண்டன.

வந்து என்ன செய்தது?

போன் வந்ததால் என்ன மாறியது என்று அளந்து பார்த்த ஆய்வுகளில் பேர்பெற்றது நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் படிப்படியாகச் செல்போன் சேவை வந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அந்த ஆண்டுகளில் மத்தி மீன் விலையைக் கவனித்து 2007-இல் வெளியிட்டார். போன் வருவதற்கு முன், ஒரே காலையில் ஒரு கரையில் மீன் வாங்க ஆளில்லாமல் கொட்டப்படும், சில கிலோமீட்டர் தள்ளி மீன் கிடைக்காமல் விலை ஏறிக் கிடக்கும். போன் வந்த பிறகு மீனவர்கள் கடலிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது, மீனவர்களின் லாபம் சுமார் 8 விழுக்காடு கூடியது, வாங்குபவருக்கு விலையும் சுமார் 4 விழுக்காடு குறைந்தது. இரண்டு பக்கமும் நன்மை, அபூர்வமாக நடப்பது.

கென்யாவில் நடந்தது இதைவிடப் பெரியது. அங்கே பேலன்ஸை ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண்ணுக்கு மாற்றும் வசதி இருந்தது, மக்கள் அதைப் பணம் போலவே கைமாற்றத் தொடங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகையுடன் வோடஃபோனும் சஃபாரிகாமும் சிறுகடன் தவணையைப் போனில் கட்ட ஒரு சோதனைத் திட்டம் வைத்தன, ஆனால் சோதனையில் இருந்தவர்கள் அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பவே அதிகம் பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்து 2007 மார்ச்சில் தொடங்கியதுதான் எம்-பெசா. பெட்டிக்கடையில் காசைக் கொடுத்தால் உங்கள் எண்ணில் ஏற்றுவார்கள், அதை ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் குறுஞ்செய்தி மாதிரி அனுப்பலாம், அம்மா அங்கே ஒரு கடையில் காட்டிப் பணமாக வாங்கிக்கொள்வார். ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம், வங்கிக் கணக்கும் வேண்டாம், மெனு சிம்முக்குள்ளேயே இருக்கிறது. கவனியுங்கள், ரீசார்ஜ் விற்ற அதே கடைகள்தான் இதற்கும் அடித்தளம்.

ஸ்மார்ட்போனில் ஏன் தடுமாற்றம்?

பட்டன் போனில் நடந்த அதிசயம் ஸ்மார்ட்போனில் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. திரை, நினைவகம், பேட்டரி மூன்றுக்கும் ஒரு அடிமட்ட விலை இருக்கிறது, அதற்குக் கீழே போனால் போன் திணறும். 2014-இல் கூகுள் ஆண்ட்ராய்டு ஒன் என்று 6,399 ரூபாயில் தொடங்கிப் பார்த்தது. அதே வருடம் ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்தில் 2,000 ரூபாய்க்குள் ஒரு போன் வந்தது, மலிவுதான், ஆனால் வாட்ஸப் ஒழுங்காக ஓடாத போனை யார் வைத்துக்கொள்வார்கள்? 2016-இல் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று ஒரு அறிவிப்பு வந்து நாடே முன்பதிவு செய்தது, பெரும்பாலோருக்கு அது வந்து சேரவே இல்லை. ஒரு திரையின் விலைகூட அந்தக் காசுக்குள் அடங்காது என்று கணக்குப் பார்த்திருந்தால் போதும்.

நிஜமாக வேலை செய்தவை வேறு வழிகள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியது, அடுத்த வருடம் 1,500 ரூபாய் திரும்பக் கிடைக்கும் முன்பணத்தில் 4ஜி பட்டன் போன் கொடுத்தது. கென்யாவில் 2020-இல் சஃபாரிகாம் கூகுளோடு சேர்ந்து, 1,000 ஷில்லிங் முன்பணம், பிறகு நாளைக்கு 20 ஷில்லிங் கட்டினால் 4ஜி போன் என்று ஒரு திட்டம் தொடங்கியது. கட்டாவிட்டால் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும், கட்டியதும் திறக்கும். 2003-இல் ரிலையன்ஸுக்கு வசூலாகாத அதே தவணை இங்கே வசூலாகிறது, ஏனென்றால் அடகுப் பொருள் வாடிக்கையாளரின் கையிலேயே இருக்கிறது. கொஞ்சம் குரூரமான ஏற்பாடு என்றும் சொல்லலாம், வேலை தேடும் நாளில் போன் பூட்டிக்கொண்டால் தவணைக்கான காசு எங்கிருந்து வரும்?

ஜிஎஸ்எம்ஏ கணக்குப்படி இன்று உலகில் மொபைல் இணையச் சிக்னலே இல்லாத இடத்தில் வாழ்பவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். சிக்னல் இருந்தும் மொபைல் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் நூற்றுக்குச் சுமார் 38 பேர். டவர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம். போன் விலை, ரீசார்ஜ் விலை, படிக்கத் தெரியாதது, தங்கள் மொழியில் எதுவும் இல்லாதது, வீட்டில் போன் ஆண்களின் கையில் இருப்பது என்று காரணங்கள் பல.

சரி, அந்த 30 காசுக்கு வருகிறேன். இந்தியாவில் ஐயுசி 2009-இல் 20 காசாகவும் 2015-இல் 14 காசாகவும் 2017 அக்டோபரில் 6 காசாகவும் குறைந்து, 2021 ஜனவரியில் பூஜ்யமானது. பேசுவதற்கான செலவு குறைய இது உதவியது உண்மை. ஆனால் யாரையும் கூப்பிடாமல், வரும் அழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டிருந்த கொத்தனாரிடமிருந்து நிறுவனத்துக்கு இனி ஒன்றும் வராது. ஐயுசி 6 காசாக இறங்கியிருந்த 2018 இறுதியிலேயே ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும், 28 நாளுக்கு ஒருமுறை 35 ரூபாயாவது போட்டால்தான் சிம் உயிரோடு இருக்கும் என்றன. ஏர்டெல்லில் அது 2021 நவம்பரில் 99 ஆனது, 2024 ஜூலையில் 199. புதுப் பட்டன் போன் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற காலத்தில், ஆறு மாத ரீசார்ஜ் அந்தப் போனின் விலையைத் தாண்டிவிடுகிறது.

டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது. வந்த திட்டங்கள் 84 நாளுக்குச் சுமார் 450 ரூபாய் என்ற அளவில் இருந்தன. நாள் கணக்குப் பார்த்தால் ஐந்தரை ரூபாய்கூட ஆகாது, ஆனால் தினக்கூலிக்காரர் அதை ஒரே நாளில் மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். பழைய பத்து ரூபாய் டாப்-அப் இன்னும் இருக்கிறது, கேட்டால் போட்டுவிடுவார்கள். அதில் ஏழு ரூபாய் சொச்சம் பேலன்ஸ் ஏறும், வேலிடிட்டி ஒரு நாள்கூட ஏறாது.